கைக்குப் பழகிய கருவி

வேட்டைக்காரர் என்றாலே நமக்கு ஜிம் கார்பெட் பெயர்தான் ஞாபகம் வரும். நான் எழுதுவது நம்ம பக்கத்து ஏலகிரி, ஜவளகிரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சனைப் பற்றி.

1910-இல் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளி, ஆனால் பெங்களூர்வாசி. சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். பிடிக்காமல் பாதியிலேயே திரும்பிவிட்டார். பிற்பாடு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் மேலாளர் ஆனார். சொல்லப்போனா, நம்மைப் போல மெஷின் சத்தத்துக்குப் பழகியவர்!

லீவு கிடைத்தால் காடுதான். கையில் .405 வின்செஸ்டர், 1895 மாடல் ரைபிள். ஏன் அது? தோட்டா எடை 300 கிரெய்ன், அதாவது 19.4 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 670 மீட்டர். இயக்க ஆற்றல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 4,350 ஜூல் வந்தது. புள்ளிமானுக்கு இவ்வளவு எதற்கு? ஆனால் பாய்ந்து வரும் புலியை நிறுத்த இது வேண்டும். அடியிலுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் காலிக் கூடு வெளியே, அடுத்த தோட்டா உள்ளே. தோளிலிருந்து துப்பாக்கியை இறக்க வேண்டியதில்லை.

ராத்திரிக் காவலுக்கு அந்த ரைபிளிலேயே டார்ச் லைட்டைப் பொருத்திக்கொண்டார். புலியைத் தேடி வெளிச்சம் போகும்போதே குழலும் அங்கே திரும்பிவிடும். பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் உயிர் காத்த வேலை.

1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 புலிகளையும் சுட்டதாக அரசுப் பதிவு. அந்த அனுபவங்களை 1954 முதல் புத்தகங்களாக எழுதினார். கடைசிக் காலத்தில் அதே கை கேமராவைப் பிடித்தது. காட்டைக் காப்பாத்தணும் என்று பேசினார். 1974-இல் மறைந்தார்.

இவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாமாண்டில், சீனியர் கொடுத்த பழைய மினி டிராப்டர் வேண்டாம், புதுசுதான் வேணும்னு எங்கப்பாவிடம் அடம்பிடித்தேன். பட்டுத்தறிக் கூலியில் அவர் வாங்கியும் தந்தார். அவரோ இருபது வருஷமாக ஒரே நாடாவைத் தேய்த்து, தன் கைக்கு வாகாக்கி ஓட்டுகிறார். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். கருவியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, வேலையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்போம். அதைக் கைக்குப் பழக்குவோம். தேவை முடிந்தால், ஆண்டர்சனைப் போலக் கீழே வைக்கவும் கற்றுக்கொள்வோம்.