மன்றோ கண்ட பொன் தோரணம்

சானமாவுக் காட்டைக் கடந்து ராயக்கோட்டை மலை கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை எழும். அந்த மலைக்கு அப்பால் விரிந்த பாராமகால் சீமையில் ஏழாண்டுகள் உழைத்த ஒருவரைப் பற்றி, இப்பக்கத்து முதியோர் வாயிலிருந்து ஒரு கதைகூட நான் கேட்டதில்லை. ஆந்திர எல்லையைத் தாண்டினாலோ அவர் ஊருக்கொரு கதையாய் வாழ்கிறார். அவர் தாமஸ் மன்றோ.

ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761 மே 27இல் வணிகர் மகனாகப் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் தந்தையின் வாணிகம் நொடிந்தது; 1780இல் கும்பினிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார். ஐதரோடும் திப்புவோடும் நிகழ்ந்த போர்களில் பங்குகொண்டார். 1792 உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடின் துணைவர்களுள் ஒருவராக மன்றோ, வாளை வைத்துவிட்டு நிலவரிப் பணிக்குப் புறப்பட்டார். தருமபுரியில் தோட்டமொன்று வளர்த்து, அதைப் பிரிய நேர்ந்தபோது பெரிதும் வருந்தினார். இடையில் எவரும் நில்லாமல் உழவரோடு நேரே வரி பேசும் இரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் வேர் கொண்டது.

1799இல் அவர் கன்னடக் கடற்கரைக்கு மாற்றப்பட்டார். 1802 முதல் இங்கே நிலம் மிட்டாக்களாகக் கூறுபட்டு ஏலத்துக்கு வந்தது. கதை முளைத்திருக்க வேண்டிய மண்ணில் ஏலக்குரல் ஒலித்தது. என் மனக்குறைக்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பைப் பகுதிகளில் அவர் ஆட்சியராய் இருந்தார். ஏறத்தாழ எண்பது பாளையக்காரரை அடக்கிய கடுமையான கை அது. ஆயினும் மக்கள் நினைவில் நின்றது வேறொன்று. மந்திராலய மடத்து மானிய நிலத்தை ஆராயச் சென்றவர், தொப்பியையும் காலணியையும் களைந்து உள்ளே போனாராம். 1671இலேயே சமாதியடைந்த இராகவேந்திரர் அவர் கண்ணுக்கு மட்டும் தோன்றி உரையாடி, அட்சதை வழங்கினாராம். உடன் வந்தோர் கேட்டது மன்றோவின் குரலை மட்டுமே. திருப்பதியில் நிவேதனத்துக்குரிய பெருங்கலமொன்று மன்றோ கங்காளம் எனப் பெயர் பெற்றது. அப்பகுதிகளில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டனர்.

ஆங்கில நாட்டிலும் இடந்தோறும் கதையுண்டு. காட்பரிக் குன்றினுள் ஆர்தர் மன்னன் உறங்குகிறான் என்பர். நாட்டுக்கு இடர் வந்தால் டிரேக்கின் முரசு தானே அதிரும் என்பர். அவை தம்மவரைப் பற்றித் தாமே கட்டிய கதைகள். நம் மக்களோ வரி வாங்க வந்த அயலானுக்கு இத்தகைய இடத்தைக் கொடுத்தனர். வரி கனமானதே. அதை உணர்ந்த மன்றோ 1807இல் காற்பங்கு குறைக்கக் கேட்டார், கிடைக்கவில்லை. 1820இல் ஆளுநரான பின்னரே அது கைகூடியது. கொடுத்தது சிறிதெனினும் மக்கள் மறக்கவில்லை.

இடையில் தாயகம் சென்று, 1814இல் ஜேன் கேம்பலை மணந்து திரும்பியிருந்தார். பர்மியப் போர் அவரைப் பதவியில் நிறுத்தி வைத்தது. நோயுற்ற மகனோடு 1826இல் மனைவி கப்பலேறினார். அடுத்த ஆண்டு, தாமும் புறப்படுமுன், பழைய குடிகளைக் காணச் சென்றார்.

கடப்பைச் சீமையில் பாபக்னி ஆறு மலையைப் பிளந்து வரும் இடம் கண்டி. இலங்கையிலிருந்து மீண்ட இராமபிரானுக்காக அங்கே இரு மலைகளுக்கும் இடையே பொன் தோரணம் கட்டப்பட்டதாம். சாவு நெருங்கிய நல்லோர்க்கு மட்டுமே அது புலப்படுமாம். குதிரைமேல் வந்த மன்றோ நிமிர்ந்து பார்த்து, மலைக்குக் குறுக்கே பொன் தோரணம் கட்டியது யாரென்று வினவினார் என்கிறது கதை. மற்றவர் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முதிய பணியாள் ஒருவர் மட்டும் தலைகுனிந்து நின்றார். 1827 ஜூலை 6இல் பட்டிக்கொண்டாவில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. கூத்தியில் அடக்கம் செய்யப்பட்டு, 1831இல் சென்னைக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொணரப்பட்டார். இக்கதையை நம் வட்டத்துக் கவிஞர் எவரும் இன்னும் தொடாதது எனக்கு வியப்பே.

1839இல் சென்னைத் தீவுத்திடலருகே அவர் சிலை நிறுவப்பட்டது. குதிரைக்குச் சேணமில்லை, அங்கவடியில்லை. சிற்பி மறந்துவிட்டு, பின்னர் நாணி உயிர்துறந்தான் என்றொரு கதை. அதே சிற்பி சான்ட்ரி இலண்டனில் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் இவ்விரண்டும் இல்லை. வகுப்பில் இதைச் சொல்லி முடித்த பின்னும், என் மாணவியர் சிற்பி இறந்த கதையையே எழுதித் தருகின்றனர். திருத்துவதை நான் விட்டுவிட்டேன்.