காரை வயலில் விளைவிக்க நினைத்த ஹென்றி போர்டு

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பம் பக்கம் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் தூரம் அதிகமில்லை. ஆவடி, அம்பத்தூர் எங்கும் வாகன உதிரிபாகப் பட்டறைகள். ஆனாலும் உங்கள் வயலில் மிஞ்சும் வைக்கோலும் உமியும் அந்தப் பட்டறைகளுக்குப் போவது அரிது. இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் ஹென்றி போர்டு. மறைமலைநகரில் 2022 வரை கார் தயாரித்த போர்டு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். அடிப்படையில் ஒரு விவசாயியின் மகன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் அருகே ஒரு பண்ணையில் 1863 ஜூலை 30-ல் பிறந்தார். பண்ணை வேலையைவிட இயந்திரம் அவரை இழுத்தது. 16 வயதில் டெட்ராய்ட் நகருக்குப் போய்ப் பட்டறையில் சேர்ந்தார். 1903-ல் கார் நிறுவனம் தொடங்கினார். 1908-ல் வந்த 'மாடல் டி' கார், 1927 வரை 1.5 கோடி விற்றது. 1917 முதல் டிராக்டரும் செய்தார். அவரிடம் பெரிய கறைகளும் உண்டு. யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்பும் பத்திரிகை நடத்தினார். தொழிற்சங்கத்தை அடியாட்களைக் கொண்டு ஒடுக்கினார்.

சோயாவில் கிடைத்த விடை

1920-களில் அமெரிக்க விவசாயிக்கு விளைபொருள் விலை சரிந்தது. 1929-க்குப் பிறகு நிலை மேலும் மோசமானது. விவசாயி கையில் காசில்லை என்றால் காரையும் டிராக்டரையும் யார் வாங்குவது? தொழிற்சாலை விளைபொருளை வாங்கட்டும் என்று முடிவு செய்தார் போர்டு. ஆய்வுக்கூடம் அமைத்து கேரட், முட்டைக்கோஸ் என்று பலவற்றைச் சோதிக்கச் செய்தார். 1931 வாக்கில் தேர்வானது சோயா மொச்சை. ராபர்ட் பாயர் என்ற இளைஞர் ஆய்வை நடத்தினார். எண்ணெய் காரின் பெயின்ட்டுக்குப் போனது. பிண்ணாக்கிலிருந்து ஹாரன் பொத்தான், கியர் கைப்பிடி போன்றவை வந்தன.

1941 ஆகஸ்ட் 13-ல் டியர்பார்னில் ஒரு காரைக் காட்சிக்கு வைத்தார். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் 14 பிளாஸ்டிக் தகடுகள். எடை சுமார் 900 கிலோ. எஃகுக் காரைவிட ஏறத்தாழ 450 கிலோ குறைவு. சில மாதங்களில் அமெரிக்கா போரில் இறங்க, கார் உற்பத்தியே நின்றது. சோயா காரும் அத்தோடு முடிந்தது. 1947 ஏப்ரல் 7-ல் போர்டு காலமானார்.

எஃகு திரும்பும், தகடு திரும்பாது

நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1930-ல் தன் ரூஜ் ஆலையில் பழைய கார்களை விலைக்கு வாங்கிப் பிரிக்கும் வரிசையையும் போர்டு அமைத்திருந்தார். கண்ணாடி, மரம் எல்லாம் கழற்றப்பட்டு மறுபயன்பாட்டுக்குப் போகும். மீதி எஃகு உலையில் உருகிப் புது எஃகாகும்.

சோயா காரின் தகடு அந்த வரிசைக்கு வந்திருந்தால்? அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னபடி, அது சோயா நாரை பீனால் பிசினும் பார்மால்டிஹைடும் சேர்த்து இறுக்கிய தகடு. சுட்ட பானையை மீண்டும் களிமண் ஆக்க முடியாது அல்லவா? அதுபோல இந்த வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்க முடியாது. வயலில் போட்டாலும் எருவாகாது. பயிரிலிருந்து வந்த பொருள் என்பதாலேயே அது சுழற்சிக்குத் திரும்பிவிடாது. திரும்பும் வழியைத் தயாரிக்கும்போதே யோசிக்க வேண்டும்.

இன்றைய காரின் பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். மெழுகு போல உருக்கி மீண்டும் வார்க்கலாம். ஆனால் பெயின்ட், பசை, பலவகைப் பிளாஸ்டிக் கலப்பு ஆகியவை தரத்தைக் கெடுக்கின்றன. பழைய வாகனங்களுக்காக இந்தியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளும் தயாரிப்பாளரின் இலக்கை எஃகை வைத்தே கணக்கிடுகின்றன. ஐரோப்பிய ஆணையமோ புதிய காரின் பிளாஸ்டிக்கில் 25 சதவீதம் மறுசுழற்சி செய்ததாக இருக்க வேண்டும் என்று 2023-ல் முன்மொழிந்தது.

நீங்கள் கேட்க வேண்டியவை

நாளை ஒரு நிறுவனம் கார் பாகத்துக்காக உங்கள் வைக்கோலையோ, வாழை நாரையோ, தேங்காய் நாரையோ கேட்டு வரலாம். விலை பேசும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

* நாரோடு சேரும் பிசின், உருக்கி மீண்டும் வார்க்கக் கூடியதா?

* கார் பழசானதும் அந்தப் பாகத்தைக் கழற்றித் திரும்ப எடுப்பது யார்?

* வயலை விட்டுப் போகும் சத்துக்கு ஈடு, தரும் விலையில் உண்டா? ஒரு டன் நெல் வைக்கோலோடு ஏறத்தாழ 15 கிலோ சாம்பல் சத்து வெளியேறுகிறது. அதைப் பொட்டாஷ் உரமாக வாங்கிப் போட ஆகும் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உங்கள் லாபம்.