ஆறு சேவல்களும் ஒரு பேராசிரியரும்

அர்னால்ட் அடோல்ஃப் பெர்த்தோல்டை எனக்கு முதலில் ஒற்றை வரியாகத்தான் தெரியும். நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய பாடநூல்களில் அவர் பெயர் தொடக்கத்திலேயே வரும்; அடுத்த வரியில் அரை நூற்றாண்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி என்னை விடவில்லை.

1803இல் ஜெர்மனியின் சோஸ்ட் நகரில் பிறந்தார். கோட்டிங்கனில் மருத்துவம் படித்து, அங்கேயே பேராசிரியராகி, 1861இல் அங்கேயே இறந்தார். ஆர்சனிக் நஞ்சுக்கு இரும்பு ஹைட்ராக்சைடு முறிவாகும் என்று 1834இல் புன்சனோடு சேர்ந்து கண்டுசொன்னவர். (ஆம், ஆய்வக அடுப்புக்குப் பெயர் தந்த அதே புன்சன்தான்.)

1848 ஆகஸ்டில் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். சேவலுக்கு விதைகள் வயிற்றுக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி இருக்கும். இரண்டுக்கு முழுமையாகக் காயடித்தார். இரண்டுக்கு ஒரு விதையை நீக்கி, மற்றதைப் பெயர்த்து வயிற்றுக்குள்ளேயே விட்டார். மிச்சமிருந்த இரண்டிலும்தான் அவருடைய துணிச்சல்: விதைகளை எடுத்துவிட்டு, ஒன்றினுடையதை மற்றதன் குடல்களுக்கிடையே வைத்துத் தைத்தார்.

முதல் இரண்டும் கொண்டை சுருங்கி, சண்டை மறந்து திரிந்தன. மற்ற நான்கும் கூவின, மோதின, பெட்டைகளின் பின்னால் ஓடின. பிறகு அறுத்துப் பார்த்தால், இடம் மாறிய விதை குடலில் ஒட்டிப் புது ரத்தக்குழாய்களோடு பருத்திருந்தது; உள்ளே விந்தணுக்கள்கூட இருந்தன. பழைய நரம்புத் தொடர்போ அறுந்தே போயிருந்தது. ஆகவே, விதை ரத்தத்தில் ஏதோ செய்கிறது, ரத்தம் உடல் முழுவதையும் ஆணாக்குகிறது என்று 1849இல் நான்கே பக்கங்களில் எழுதினார்.

என்னை வருத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். அதே பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் ருடால்ஃப் வாக்னர் செய்துபார்த்தார், விதை ஒட்டவில்லை. பெர்த்தோல்டும் அந்த வழியில் மேற்கொண்டு போகவில்லை. 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905இல்தான் வந்தது. 1910இல் ஆர்தர் பீடல் தமது நூலில் இவரை நினைவூட்டினார். டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது 1935இல்.

சரி, ரத்தம்தான் எல்லாமா? பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெண்ணுக்கு ஒன்றுதான். அந்த இசட்டில் உள்ள டிஎம்ஆர்டி1 மரபணுவைக் கருவிலேயே அடக்கினால், விதையாக வேண்டியது சூலகத்தின் சாயலில் வளர்கிறது என்று 2009இல் காட்டினார்கள். மறு ஆண்டு எடின்பரோவில் இன்னும் விசித்திரம்: ஒரு பக்கம் சேவலும் மறுபக்கம் பெட்டையுமாக மூன்று கோழிகள். இரு பக்கமும் ஓடியது ஒரே ரத்தம். ஆனாலும் செல்கள் தத்தம் பாலை விடவில்லை.

பெர்த்தோல்ட் இதைக் கேட்டுக் கோபப்பட்டிருக்க மாட்டார். அந்த மூன்றையும் கூண்டோடு வாங்கி, எந்தப் பக்கம் கூவுகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.