அகக்கண் கொண்ட ஆய்லர்

சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள பாசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள் லியோனார்டு ஆய்லர் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு கிறித்தவ சமயகுரு. மகனும் தம்மைப் போன்றே சமயப் பணி புரிதல் வேண்டும் என்று அவர் விழைந்தார். மைந்தர் உள்ளமோ கணிதத்தையே நாடியது. அந்நகரில் வாழ்ந்த யோகான் பெர்னூலி என்னும் கணிதப் பேரறிஞர், சனிக்கிழமைதோறும் ஆய்லரின் ஐயங்களைத் தீர்த்து வந்தார். மாணவரின் கூர்மதியைக் கண்ட அவர், தந்தையாரிடம் எடுத்துரைத்து இசைவு பெற்றுத் தந்தார்.

1727ஆம் ஆண்டில் ஆய்லர் இரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை அடைந்து, அங்குள்ள அறிவியற் கழகத்தில் பணி ஏற்றார். அக்காலத்தில் பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரில் ஒரு புதிர் வழங்கி வந்தது. பிரீகல் ஆறு அந்நகரை நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்திருந்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து நகரைச் சுற்றிவர இயலுமா என்பதே அப்புதிர்.

1735ஆம் ஆண்டில் ஆய்லர் அதற்கு விடை கண்டார். பாலத்தின் நீளமோ நிலத்தின் பரப்போ இங்கு வேண்டுவதில்லை. எது எதனோடு இணைந்துள்ளது என்பதே வேண்டும் என அவர் தெளிந்தார். இடையிலுள்ள ஒரு நிலத்தில் நுழைய ஒரு பாலமும் வெளியேற மற்றொரு பாலமும் தேவை. ஆகவே, தொடங்கும் இடமும் முடியும் இடமும் தவிர, ஏனைய இடங்களில் பாலங்கள் இரட்டைப்படையில் அமைதல் வேண்டும். அந்நகரிலோ நான்கு நிலங்களிலும் ஒற்றைப்படையாகவே இருந்தன. எனவே அவ்வாறு சுற்றிவருதல் இயலாது என்று நிறுவினார். நிலைகளின் வடிவ கணிதம் இவ்வாறு தோன்றியது.

1738ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கண் ஒளி இழந்தது. 1741 முதல் பெர்லின் நகரில் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, 1766இல் மீண்டும் இரஷ்யாவுக்குத் திரும்பினார். பின்னர் மற்றொரு கண்ணும் மங்கியது. 1771இல் அவரது இல்லம் தீக்கிரையாயிற்று. பார்வையற்ற முதியவரைப் பீட்டர் கிரிம் என்னும் பாசல் நகரத்தார் தீயினின்று மீட்டார். இரண்டாண்டுகளில் மனைவியாரும் மறைந்தார். ஆயினும் ஆய்லர் சோர்ந்திலர். நெடிய கணக்குகளை மனத்திலேயே செய்து, மகனும் மாணவரும் எழுதிக்கொள்ளச் சொல்லிவந்தார். 1775ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 50 கட்டுரைகள் இயற்றினார். 1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் கண்ட நெறி அவரோடு மறைந்துவிடவில்லை. 1981ஆம் ஆண்டில் உயேகரா, வான் கிளீம்புட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், சிலிக்கான் சில்லில் டிரான்சிஸ்டர்களை அடுக்க அதனைக் கையாண்டனர். அருகருகே உள்ள இரு டிரான்சிஸ்டர்கள் ஓர் இணைப்புப் பகுதியைப் பொதுவாகக் கொண்டால், இடையே வெற்றிடம் விட வேண்டுவதில்லை. டிரான்சிஸ்டர்களைப் பாலங்களாகவும், அவை கூடும் இடங்களை நிலங்களாகவும் அவர்கள் கருதினர். எப்பாலத்தையும் இருமுறை கடவாத வழி கிடைத்து, மின்சுற்றின் இரு பாதிகளும் அவ்வரிசைக்கே இசைந்தால், டிரான்சிஸ்டர்கள் இடைவெளியின்றி அமையும். சில்லின் பரப்பும் கம்பியின் நீளமும் குறையும்.

ஆற்றுப் பாலங்களைப் பற்றி ஆராய்ந்த ஆய்லர் மின்சுற்றைக் கண்டவர் அல்லர். தேவையற்றவற்றை நீக்கி உண்மையை மட்டும் நோக்கிய அவரது அறிவே, இன்று நகத்தளவுச் சில்லுக்குள்ளும் வழி காட்டுகின்றது.