தலை சுற்றினால் காதில் ஏன் தண்ணீர் விடுகிறார்கள்? - ராபர்ட் பாரானியின் கதை

காலையில் எழுந்து புரண்டு படுத்ததும் ஃபேன் மட்டுமில்லாமல் அறையே சுற்றுகிறதா? முதலில் பித்தம் என்பார்கள். அப்புறம் பிரஷர், சுகர், கழுத்து எலும்பு தேய்மானம் என்று ஒரு ரவுண்டு போகும். கடைசியில் டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஓர் ஆடியாலஜிஸ்ட் முன்னால் போய் உட்கார்வோம். தலை சுற்றலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கேதான் குழப்பம் வரும்.

அந்தச் சம்பந்தத்தைத் தெளிவாக நிறுவி நோபல் பரிசு வாங்கியவர் ராபர்ட் பாரானி. பரிசுச் செய்தி அவருக்கு எட்டியபோது அவர் ரஷ்யாவின் போர்க் கைதி.

யார் இந்த பாரானி?

1876 ஏப்ரல் 22 அன்று வியன்னாவில் பிறந்தார். வீட்டில் ஆறு பிள்ளைகளில் மூத்தவர். சிறு வயதிலேயே எலும்பில் காசநோய் வந்து, ஒரு முழங்கால் நிரந்தரமாக மடங்காமல் போனது. அந்த நோய்தான் மருத்துவத்தின் மீது ஆர்வத்தை உண்டாக்கியது. விறைத்த காலோடே டென்னிஸ் ஆடினார், மலையேறினார். 1900இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1903இல், அக்காலத்தின் பெரிய காது மருத்துவரான ஆடம் பொலிட்சரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஒரு நோயாளியின் புகார்

காதைச் சிரிஞ்சில் தண்ணீர் அடித்துக் கழுவுவது அங்கே தினசரி வேலை. கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றும், கருவிழிகள் ஒரு பக்கமாகத் துடிக்கும். இது மற்ற மருத்துவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் ஒரு நோயாளி, தண்ணீர் சில்லென்று இருந்தால் மட்டும்தான் தனக்குத் தலை சுற்றுகிறது என்றார். பாரானி சூடான தண்ணீரை விட்டுப் பார்த்தார். அப்போதும் சுற்றியது, ஆனால் கண்கள் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. உடல் சூட்டுக்குச் சமமான தண்ணீரை விட்டால் ஒன்றுமே ஆகவில்லை.

காரணம் என்ன? குளியலறை வெந்நீர்க் கலனில் சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது திரவம் அசைந்து மூளைக்குத் தகவல் போகும். தண்ணீரின் சூடோ குளிரோ பட்டாலும் அந்தத் திரவம் அசைகிறது. தலை திரும்புகிறது என்று மூளை ஏமாந்துபோகிறது, கண்ணும் கூடவே ஓடுகிறது என்பது பாரானியின் விளக்கம்.

இந்த விளக்கத்துக்குப் பின்னாளில் ஒரு திருத்தம் வந்தது. 1983இல் ஸ்பேஸ்லேப்-1 விண்வெளிப் பயணத்தில் இதே சோதனையைச் செய்தார்கள். எடையற்ற நிலையில் சூடு மேலே ஏற வழியே இல்லை. ஆனாலும் கண்கள் துடித்தன. ஆக, பாரானி சொன்னது முக்கியக் காரணம், ஆனால் அது மட்டுமே காரணமல்ல.

இன்றைய கிளினிக்கில் அவர் எங்கே?

தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, கண்ணில் கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டி, காதில் 30 டிகிரி செல்சியஸ், பிறகு 44 டிகிரி தண்ணீர் விடுவார்கள். சில இடங்களில் தண்ணீருக்குப் பதில் காற்று. உடல் சூடான 37க்கு மேலே ஏழு, கீழே ஏழு. வலது காதில் குளிர்ந்த நீர் பட்டால் கண்கள் இடப்பக்கம் வெட்டும், வெந்நீர் பட்டால் வலப்பக்கம் வெட்டும். ஒரு காதில் துடிப்பு ரொம்பக் குறைவாக வந்தால், அந்தப் பக்கத்து உள்காது சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்க முடிவதுதான் இதன் பலம்.

கேட்கும் திறனைச் சோதிப்பதிலும் அவர் பங்கு உண்டு. மந்தமான காதுக்கு ஒலி கொடுத்தால், நல்ல காது அதைத் திருட்டுத்தனமாகக் கேட்டுவிடும். ரிசல்ட் தப்பாகிவிடும். நல்ல காதில் இரைச்சலை ஓடவிட்டு அதை ஏமாற்ற, பாரானி ஒரு சின்ன இரைச்சல் பெட்டியை உருவாக்கினார். பட்டறை மெஷின் சத்தத்தில் காது மந்தமான ஒரு தொழிலாளி டெஸ்ட்டுக்கு வரும்போது, ஹெட்ஃபோனின் மறுபக்கத்தில் உஸ்ஸென்று கேட்கும் சத்தம் அதன் வாரிசுதான்.

கைதிக்கு நோபல்

முதல் உலகப் போர் வந்தது. முழங்காலைக் காட்டி ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அறுவை மருத்துவராகத் தாமே முன்வந்து ஆஸ்திரிய ராணுவத்தில் சேர்ந்தார். மூளையில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்து, சமநிலைக்கும் சிறுமூளைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் எண்ணமும் இருந்தது. அவர் பணியாற்றிய பிரஸமிஷில் கோட்டை 1915இல் வீழ்ந்தது. ரஷ்யர்கள் அவரை மத்திய ஆசியாவின் மெர்வ் நகருக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய துர்க்மெனிஸ்தானில் இருக்கிறது அந்த ஊர். அங்கே மலேரியாவும் தாக்கியது.

1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் தள்ளிவைக்கப்பட்டு, 1915இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் ஸ்வீடன் இளவரசர் கார்ல் ரஷ்யப் பேரரசரிடம் பேசினார். 1916இல் விடுதலையாகி, ஸ்டாக்ஹோமில் பரிசைக் கையில் வாங்கினார்.

ஊரில் வரவேற்பு இல்லை

வியன்னா திரும்பியவருக்கு மாலை மரியாதை கிடைக்கவில்லை. முன்னோடிகளின் ஆய்வுகளுக்கு உரிய இடம் தராமல் பெயரைத் தட்டிக்கொண்டார் என்று சக மருத்துவர்களே குற்றம்சாட்டினர். குளிர்ந்த நீரால் தலை சுற்றும் என்பது அவருக்கு முன்பே பதிவானது என்பது உண்மை. சூட்டை மாற்றினால் திசை மாறும் என்று கண்டு, அதை ஒரு பரிசோதனையாக மாற்றியது அவர் செய்த வேலை. ஸ்வீடன் அறிஞர்கள் அவர் பக்கம் நின்றார்கள். ஆனாலும் மனம் ஒட்டவில்லை. 1917இல் ஸ்வீடனின் உப்சாலாவுக்குக் குடிபெயர்ந்து அங்கே பேராசிரியரானார். 1936 ஏப்ரல் 8 அன்று, 60 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, அங்கேயே இறந்தார்.

உப்சாலாவில் இருந்தபோதுதான், 1921இல், ஒரு பக்கமாகப் படுத்தால் மட்டும் தலை சுற்றும் ஓர் இளம்பெண்ணின் நிலையை விவரித்தார். காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களோடு அது சம்பந்தப்பட்டது என்றார். இன்று நமக்கு வரும் தலை சுற்றல்களில் மிகச் சாதாரணமான வகை அதுதான். துகள்கள் இடம் மாறிக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. தலையை முறைப்படி திருப்பி, அவற்றைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும் எப்லி முறையில் பலருக்குச் சில நிமிடங்களிலேயே சரியாகிவிடுகிறது. மாதக்கணக்கில் மாத்திரை போட வேண்டியதில்லை.

கவனிக்க

தலை சுற்றலோடு பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதும் அவசரம்தான், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விடக் கூடாது. மற்றபடி, புரண்டு படுத்தால் உலகம் சுற்றுகிறது என்றால் பித்தத்தைத் திட்டுவதற்கு முன், காதைக் காட்டுங்க.