பி.எச். அளவைத் தந்த விவசாயி மகன்

இயற்கைத் தோட்டம் போடுகிறவர்கள் பலரிடம் இப்போது பேனா அளவிலான பி.எச். மீட்டர் இருக்கிறது. மண் கரைசலில் முக்கினால் 6.4 என்றோ 8.1 என்றோ ஓர் எண் தெரியும். மண் அமிலமா, காரமா என்று சொல்லும் அந்த எண்ணை நம்பித்தான் சாம்பல் போடலாமா, ஜிப்சம் தேவையா என்று முடிவெடுக்கிறீர்கள். எண் தவறானால் முடிவும் தவறாகும். ஏற்கெனவே காரமாக இருக்கும் மண்ணில் மேலும் சாம்பலைக் கொட்டினால், மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. கொழுந்து இலை வெளுக்கும். சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் எதையாவது போடுவீர்கள்.

மீட்டர் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்? இதற்கான விடை, அந்த அளவையே உருவாக்கிய சோரன்சன் என்ற டென்மார்க் விஞ்ஞானியின் வாழ்க்கையில் இருக்கிறது.

மருத்துவம் படிக்கப் போனவர்

சோரன் பீட்டர் லாரிட்ஸ் சோரன்சன் 1868 ஜனவரி 9 அன்று டென்மார்க்கின் ஹாவ்ரெபியர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா விவசாயி. 18 வயதில் மருத்துவராகும் எண்ணத்தோடு கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே யோர்கன்சன் என்ற பேராசிரியரின் தாக்கத்தால் வேதியியல் பக்கம் திரும்பினார். படிக்கும்போதே நிலவியல் ஆய்வுப் பணியிலும், பிறகு கடற்படைக் கப்பல்தளத்தின் ஆலோசகராகவும் வேலை பார்த்தார். 1899ல் முனைவர் பட்டம் பெற்றார்.

1901ல் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் வேதியியல் பிரிவுக்குத் தலைவரானார். யாகோப்சன் என்ற பீர் ஆலை அதிபர் 1875ல் நிறுவிய ஆய்வுக்கூடம் அது. அங்கே கண்டறியும் அறிவியல் முடிவுகளை மறைத்துவைக்கக் கூடாது, எல்லோருக்கும் வெளியிட வேண்டும் என்பது அதன் விதி.

சோரன்சனுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் கெல்டால். தழைச்சத்தை அளக்க அவர் 1883ல் வகுத்த முறை இன்றும் மண், தீவன ஆய்வுக்கூடங்களில் அவர் பெயராலேயே நடக்கிறது. மண்ணைச் சோதிக்கும் இரண்டு முக்கியமான அளவுகளுக்கு ஒரே ஆய்வுக்கூடத்தில் வழி பிறந்தது என்று சொல்லலாம்.

பூஜ்யங்களைச் சுருக்கிய எண்

சோரன்சன் நொதிகளை ஆராய்ந்தார். கரைசலில் புளிப்பு சற்றே கூடினாலும் குறைந்தாலும் நொதியின் வேகம் மாறுவதைக் கவனித்தார். எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்பது இங்கே கணக்கில்லை. கரைசலில் பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்பதே கணக்கு என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் அந்த அளவு மிகமிகச் சிறியது. சுத்தமான நீரில் ஒரு லிட்டருக்கு 0.0000001 மோல். இத்தனை பூஜ்யங்களை எழுதிக்கொண்டே ஆராய்ச்சி செய்ய முடியாது. எனவே மடக்கைக் கணக்கால் அதைச் சுருக்கி, 7 என்ற ஒற்றை எண்ணாக்கினார். 1909ல் வெளியான அவரது கட்டுரையில்தான் பி.எச். என்ற அளவு உலகுக்கு அறிமுகமானது.

இந்தச் சுருக்கத்தில் நீங்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 7.5ம் 6.5ம் பக்கத்துப் பக்கத்து எண்களாகத் தெரியும். ஆனால் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. இரண்டு எண் குறைந்தால் 100 மடங்கு. மீட்டர் அரை எண் தவறாகக் காட்டினாலே ஏறக்குறைய 3 மடங்கு பிசகு. தராசில் ஒரு கிலோவை மூன்று கிலோ என்று வாசிப்பதைப் போன்றது இது.

ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசல்

அளவை வகுத்ததோடு சோரன்சன் நிற்கவில்லை. அந்த அளவை யார் எங்கே எடுத்தாலும் ஒரே விடை வர வேண்டுமே! அதற்காக, அமில நிலை திட்டமாகத் தெரிந்த கரைசல்களைத் தயாரிக்கும் முறைகளை எழுதிவைத்தார். கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் எளிதில் நிலை மாறாத இவற்றைத் தாங்கல் கரைசல் என்கிறோம். உங்கள் மீட்டரோடு சின்னப் பொட்டலங்களாக வரும் பொடி இந்தக் கரைசலுக்கானதுதான். பலர் அதைப் பிரிக்காமலே போட்டுவிடுகிறார்கள்.

பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு வடிநீரில் பொடியைக் கரையுங்கள். முதலில் மீட்டரை 6.86 அல்லது 7 கரைசலில் வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு வடிநீரில் கழுவி இரண்டாவது கரைசலில் வையுங்கள். உங்கள் மண் அமிலப் பக்கம் என்றால் 4.01, காரப் பக்கம் என்றால் 9.18 அல்லது 10.01. ஒரே கரைசலோடு நிறுத்திக்கொண்டால், அந்த எண்ணில் சரியாக இருக்கும் மீட்டர் அடுத்த எண்ணில் தவறலாம். பயன்படுத்திய கரைசலை மறுபடி பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

எலுமிச்சையால் வந்த மீட்டர்

சோரன்சன் அளந்த விதம் நம் தோட்டத்துக்கு ஒத்துவராது. பிளாட்டினத் தகட்டைக் கரைசலில் வைத்து, ஹைட்ரஜன் வாயுவைக் குமிழிவிட்டு அளக்க வேண்டும். மெல்லிய கண்ணாடிக் குமிழே அமிலத்தை உணரும் என்று ஜெர்மனியில் ஹேபரும் கிளெமென்சியேவிச்சும் அதே 1909ல் காட்டினார்கள். ஆனால் கண்ணாடி வழியே வரும் மின் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. 1934ல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி கேட்டு ஒருவர் தன் நண்பர் ஆர்னால்ட் பெக்மனிடம் வந்தார். பெக்மன் வெற்றிடக் குழாய்களால் அந்தச் சமிக்ஞையைப் பெருக்கிக் கருவி செய்தார். பெட்டி அளவில் இருந்த அதன் விலை 195 டாலர். இன்று நீங்கள் வைத்திருக்கும் பேனா மீட்டர் அதன் வாரிசு.

வாங்கும்போது முதலில் நுனியைப் பாருங்கள். மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருந்தால் அது சோரன்சன் அளவை முறையாகக் காட்டக்கூடிய கருவி. பேட்டரி இல்லாமல், இரண்டு உலோகக் கம்பிகளை மண்ணில் குத்தினாலே முள் நகரும் வகையும் மலிவாகக் கிடைக்கிறது. மண்ணின் ஈரமும் உப்பும் மாறினாலே அதன் முள் மாறிவிடும். அதை நம்பி மண்ணில் எதையும் கொட்டாதீர்கள்.

தோட்டத்துக்கு 0.1 துல்லியம் போதும்; 0.01க்குக் கூடுதல் பணம் தேவையில்லை. வெப்பநிலைக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும், இரண்டு கரைசல்களில் சரிசெய்யும் வசதியும் இருக்கட்டும். நுனியை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, தாங்கல் கரைசலும் சேமிப்புக் கரைசலும் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். குமிழுக்கு ஆயுள் உண்டு. நன்றாக வைத்திருந்தாலும் ஓரிரு ஆண்டுகளில் சோர்ந்துவிடும்.

குமிழ் காயக் கூடாது

மீட்டர் கெடுவது பெரும்பாலும் காய்ந்துபோவதால்தான். வேலை முடிந்ததும் வடிநீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மூடியில் சில சொட்டுச் சேமிப்புக் கரைசல் விட்டு மூடுங்கள். இது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல். கைவசம் இல்லாவிட்டால் 4.01 தாங்கல் கரைசலை விடலாம். வடிநீரில் ஊறவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் உப்பை அது வெளியே இழுத்துவிடும். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிவது அந்தக் கரைசலின் உப்புதான், கழுவினால் போய்விடும். காய்ந்துபோன குமிழைச் சேமிப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள். அதன் பிறகும் எண் நிலைகொள்ளாமல் அலைந்தால் நுனியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஜீவாமிர்தம், மீன் அமிலம் போன்றவற்றில் முக்கினால் புரதமும் எண்ணெய்ப் பசையும் குமிழில் ஒட்டும். உடனே பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த நீரில் அலசி, வடிநீரில் கழுவுங்கள்.

மண்ணை அளக்க, பாத்தியில் நாலைந்து இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலியுங்கள். அதில் 20 கிராமுக்கு 50 மி.லி. வடிநீர் ஊற்றி, அவ்வப்போது கலக்கி, அரை மணி கழித்து அளவிடுங்கள். கிணற்று நீரில் கரைத்தால் அதன் காரமும் சேர்ந்தே தெரியும். பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7.5 வரை ஏற்றது. 8.5ஐத் தாண்டினால் களர் மண்ணாக இருக்க வாய்ப்புண்டு. மண் பரிசோதனை நிலையத்தில் காட்டிவிட்டு ஜிப்சம் போடுங்கள். உவர் மண்ணை பி.எச். மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மின்கடத்துதிறனையும் அளக்க வேண்டும்.

தன் அளவையே திருத்தியவர்

சோரன்சன் பிற்காலத்தில் புரதங்களை ஆராய்ந்தார். மனைவி மார்கிரேத்தும் ஆய்வுக்கூடத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்கு அது கிடைக்கவில்லை. 1938ல் ஓய்வு பெற்றார். 1939 பிப்ரவரி 12 அன்று காலமானார்.

உலகமே அவரது அளவைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, 1924ல், லிண்டர்ஸ்ட்ரோம் லாங்குடன் சேர்ந்து அதன் வரையறையை அவரே மறுபரிசீலனை செய்து திருத்தினார். அளவை உருவாக்கியவரே 15 ஆண்டுகளுக்குப் பிறகு அதைச் சரிபார்த்தார். நம் மீட்டரையோ வாங்கிய நாளில் ஒரு முறை சரிசெய்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். அடிக்கடி அளப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது சரிசெய்யுங்கள். எப்போதாவது அளப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் சரிபாருங்கள். மண்ணின் எண்ணை நோட்டில் குறிக்கும்போது, மீட்டரைக் கடைசியாகச் சரிசெய்த தேதியையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தத் தேதி இல்லாத எண்ணை நம்பி மண்ணில் எதுவும் போட வேண்டாம்.