நாலாவது சூளை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, இவன் சிவில்காரன், அணைக்கட்டு, பாலம் என்று ஏதாவது எழுதுவான் என்றுதான் நினைத்திருப்பார். நான் எழுதப்போவது ஒரு வாத்தியாரைப் பற்றி. ஆனாலும் இதில் செங்கல் உண்டு, சூளை உண்டு. எனவே சிவில் நண்பர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

முதலில் என் கதை கொஞ்சம். என் அப்பா செங்கல் சூளையில் கல் அறுப்பவர். முதலாம் ஆண்டு சேர்ந்தபோது இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா என்ன பண்றார் என்று யாராவது கேட்டால் பில்டிங் மெட்டீரியல் தொழில் என்று சொல்லிவிடுவேன். பொய் இல்லைதானே! ஒர்க் ஷாப்பில் முதல் வாரம் அரம் பிடித்து உள்ளங்கை கொப்புளித்தபோது, இதற்காகவா பத்தாவதில் அவ்வளவு மார்க் வாங்கினோம் என்று அழுகையே வந்தது. சேறும் தூசியும் வேண்டாம் என்றுதானே படிக்க வந்தோம்?

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கையில் சிக்கியது. புக்கர் டி. வாஷிங்டன் என்ற அமெரிக்கக் கறுப்பின ஆசிரியர் 1901இல் எழுதிய தன் வரலாறு. சும்மா புரட்டலாம் என்று எடுத்தவன், விடுதியில் விளக்கை அணைக்கும்வரை கீழே வைக்கவில்லை.

அவர் 1856இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்தார். பிறந்த தேதிகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. அடிமைக் குழந்தைக்கு யார் ஜாதகம் எழுதி வைப்பார்கள்? 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபோது அவருக்கு வயது ஒன்பது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊருக்குப் போனது. அங்கே உப்புக் காய்ச்சும் உலையில் வேலை. மாற்றாந்தந்தை நிரப்பும் பீப்பாய்களுக்கெல்லாம் 18 என்ற எண் போடுவார்கள். புக்கர் வாழ்க்கையில் முதன்முதலாகப் படித்தது அந்த 18தான்! பள்ளியில் சேர்ந்த அன்று மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருந்தது, இவருக்கு ஒன்றுதான். ஆசிரியர் பெயர் கேட்டதும் சற்றும் தயங்காமல் புக்கர் வாஷிங்டன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்தார். ஹாம்ப்டன் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகள் வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று அங்கேதான் காதில் விழுந்தது. 1872இல், பதினாறு வயதில் கிளம்பினார். சுமார் 500 மைல். கையில் இருந்த காசு பாதி வழியிலேயே தீர்ந்தது. ரிச்மண்ட் நகரில் பலகை நடைபாதைக்கு அடியில் படுத்துத் தூங்கி, பகலில் கப்பலில் இருந்து இரும்பு இறக்கி வயிற்றைக் கழுவினார். ஹாம்ப்டன் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் 50 சென்ட்.

அங்கே அவருக்கு வைத்த நுழைவுத் தேர்வு என்ன தெரியுமா? ஒரு வகுப்பறையைக் கூட்டச் சொன்னார்கள். மூன்று தடவை கூட்டினார், நாலு தடவை துணியால் துடைத்தார். தலைமை ஆசிரியை கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி இல்லை. இடம் கிடைத்தது. துடைப்பம் பிடித்து அட்மிஷன் வாங்கியவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

1875இல் படிப்பை முடித்தார். சொந்த ஊரில் ஆசிரியராக இருந்தார். பிறகு ஹாம்ப்டனிலேயே பாடம் நடத்தினார். அப்போதுதான் 1881இல் அந்தக் கடிதம் வந்தது.

கட்டடம் இல்லாத பள்ளிக்கூடம்

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகீ என்று ஒரு சின்ன ஊர். சுமார் இரண்டாயிரம் பேர். கறுப்பின ஆசிரியர்களை உருவாக்க அங்கே ஒரு பள்ளி தொடங்க அரசு அனுமதி கொடுத்திருந்தது. இதற்குப் பின்னால் இருந்தவர் லூயிஸ் ஆடம்ஸ். ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். தகர வேலை, செருப்பு வேலை, குதிரைச் சேணம் செய்வது மூன்றும் தெரிந்த தொழிலாளி. தேர்தலில் நின்ற ஒரு வேட்பாளர் கறுப்பின மக்களின் ஓட்டைக் கேட்டு வந்தபோது, எங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஒப்பந்தம் பேசியவர் அவர். ஒரு தொழிலாளி கேட்டு வாங்கிய பள்ளி அது!

1881 ஜூனில் வாஷிங்டன் அங்கே போய் இறங்கினார். வயது 25. கட்டடம், மேசை, நாற்காலி எல்லாம் தயாராக இருக்கும் என்று நினைத்துப் போனவருக்கு அதிர்ச்சி. கட்டடம் இல்லை. நிலமே இல்லை! அரசு கொடுத்தது வருடத்துக்கு 2000 டாலர். அதையும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம்.

நாமாக இருந்தால் அடுத்த வண்டியைப் பிடித்துத் திரும்பியிருப்போம். அவர் சுற்றுக் கிராமங்களுக்குப் போனார். ஒரே அறையில் முழுக்குடும்பமும் படுப்பதைப் பார்த்தார். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேருக்கு ஒரே முள்கரண்டி. அதே வீட்டில் தவணையில் வாங்கிய இசைப்பெட்டி ஒன்று! இன்னொரு குடிசையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டையோடு ஒரு பையன், சுற்றிலும் குப்பை, தோட்டத்தில் களை, அவன் கையிலோ பிரெஞ்சு இலக்கணம். சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஏனென்றால் அந்தப் பையன் நான்தான்.

வெள்ளையர் பலருக்கோ வேறு கவலை. இவர்கள் படித்துவிட்டால் வயலில் வேலை செய்ய யார் வருவார்கள்?

1881 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். மாதா கோயிலையும் அதை ஒட்டிய இடிந்த குடிசையையும் வைத்து 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் ஒரு மாணவன் எழுந்து வந்து குடை பிடிப்பான், வாத்தியார் பாடம் நடத்துவார். வந்தவர்களில் பலர் ஏற்கெனவே கிராமப் பள்ளிகளில் ஆசிரியர்கள். நீளமான பெயருள்ள புத்தகங்களைப் படித்தவர்கள். வங்கிக் கணக்கும் வட்டிக் கழிவும் படித்திருந்தார்கள், வாய்ப்பாடு வராது!

ஆறு வாரத்தில் ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியை வந்து சேர்ந்தார். இந்தப் பள்ளியின் கதையில் பாதிப் பங்கு அந்த அம்மையாருக்கு உண்டு. ஊருக்கு வெளியே ஒரு மைல் தூரத்தில் கைவிடப்பட்ட பழைய பண்ணை 500 டாலருக்கு விலைக்கு வந்தது. முன்பணம் 250 டாலரை ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் மார்ஷல் தன் சொந்தப் பணத்தில் கடன் கொடுத்தார். மீதிக்கும் கடனுக்கும் ஒலிவியா வீடு வீடாகப் போய்க் கேட்டார். எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி, அடிமையாக வாழ்ந்தவள், கொடுக்கக் காசு இல்லாமல் ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்தே மாதத்தில் கடன் முழுதும் அடைந்து 100 ஏக்கர் நிலம் பள்ளிக்குச் சொந்தமானது. அங்கிருந்த குதிரை லாயமும் கோழிக்கூடும் வகுப்பறைகள் ஆயின.

வேலையா, படிப்பா?

நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்க வேண்டும் என்றதும் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். நாங்கள் வாத்தியார் வேலைக்குப் படிக்க வந்தவர்கள், காட்டை வெட்டவா வந்தோம் என்பது அவர்கள் எண்ணம். வாஷிங்டன் மேடை போட்டுப் பேசவில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். வாத்தியாரே வெட்டும்போது நாம் நின்று பார்ப்பதா என்று ஒவ்வொருவராக வந்தார்கள். சுமார் 20 ஏக்கர் திருத்தினார்கள்.

பெற்றோரும் சும்மா இல்லை. எங்கள் பிள்ளைகளை வேலை வாங்காதே, புத்தகம் கொடு என்று கடிதம் எழுதினார்கள். நேரில் வந்தும் சண்டை போட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது அல்லவா? இருநூறு வருடத்துக்கு மேல் சாட்டைக்குப் பயந்து செய்த வேலையைப் பள்ளிக்கூடத்திலும் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இனி செங்கல். கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டும், ஊரில் சூளை கிடையாது. நாமே செய்வோம் என்று இறங்கினார். முழங்கால் அளவு சேற்றில் மணிக்கணக்காக நின்று மண் மிதிக்க வேண்டும். இது பிடிக்காமல் சில மாணவர்கள் பள்ளியை விட்டே ஓடிவிட்டார்கள். எப்படியோ சுமார் 25,000 கல் அறுத்து முதல் சூளை போட்டார்கள். சரியாக வேகவில்லை, வீண். இரண்டாவது சூளையும் போச்சு. மூன்றாவது நன்றாகவே எரிந்தது. ஒரு வாரம் எரிய வேண்டிய சூளை. இன்னும் சில மணி நேரம்தான் பாக்கி என்ற நிலையில், நடு இரவில் சரிந்து விழுந்தது.

சக ஆசிரியர்கள் விட்டுவிடலாம் என்றார்கள். கையில் ஒரு டாலர்கூட இல்லை. வாஷிங்டனிடம் ஒரு கைக்கடிகாரமா, இல்லை, சட்டைப்பையில் வைக்கும் கடிகாரம் ஒன்று இருந்தது. மான்ட்கோமரி நகருக்குப் போய் அதை அடகு வைத்தார். 15 டாலர் கிடைத்தது. நாலாவது சூளை வெந்தது!

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். பச்சைக்கல் சரியாகக் காயாமல் அடுக்கியிருப்பார்கள், தீ ஓட இடைவெளி விட்டிருக்க மாட்டார்கள் என்று மூன்று சூளைக்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார். நம் மெட்டீரியல் லெக்சரர்கூட அவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை! பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி, கடிகாரத்தை மீட்டாரா என்பது. மீட்கவில்லை என்றேன். அப்பா பேசாமல் பீடியைப் பற்றவைத்தார். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த வருடம் அம்மாவின் தோடு போனது. அதுவும் இன்னும் திரும்பவில்லை.

ஊர் தேடி வந்தது

டஸ்கீகீ செங்கல் நல்ல கல் என்று பெயர் வாங்கியது. பள்ளியே வேண்டாம் என்றிருந்த வெள்ளையர்களும் கல் வாங்க வாசலுக்கு வந்தார்கள். வாஷிங்டன் தன் வரலாற்றை எழுதிய காலத்தில் ஒரு பருவத்துக்கு 12 லட்சம் கல் அறுத்தார்கள். அப்போது அங்கே இருந்த 40 கட்டடங்களில் 36 மாணவர்கள் கட்டியவை. தச்சு, கொல்லு, வண்டி செய்தல், அச்சு என்று பல தொழில்கள் பாடமாயின. எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான கட்டடக் கலைஞர் ராபர்ட் டெய்லர் அங்கே வந்து வரைபடம் போட்டார். 1896இல் விவசாய விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வந்தார்.

இத்தோடு முடித்தால் இது பாராட்டுப் பத்திரமாகிவிடும். அவர் மீது கடுமையான விமர்சனமும் உண்டு. 1895இல் அட்லாண்டாவில் பேசியபோது, உரிமைகளுக்கு இப்போதே போராடுவதைவிடத் தொழிலில் முன்னேறுவதே முதலில் வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். வெள்ளையர்கள் கைதட்டினார்கள். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1903இல் தம் நூலில் இதைக் கண்டித்தார். ஓட்டும் உயர்கல்வியும் இல்லாமல் கைத்தொழில் மட்டும் போதும் என்றால் எங்கள் இனம் என்றும் கீழேயே கிடக்கும் என்பது அவர் வாதம். அவர் பயந்தது பொய்யில்லை. அலபாமாவிலேயே 1901இல் புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்து பெரும்பாலான கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்தார்கள். எத்தனை லட்சம் செங்கல் அறுத்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் அவர் காலமாகிப் பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அந்த ஓட்டுப் பறிப்பை எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு வாஷிங்டன் ரகசியமாகப் பணம் கொடுத்திருக்கிறார். வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய் 1903இல் தோற்றது. வெளியே பணிந்தவர் உள்ளே போராடியிருக்கிறார். வெளிப்படையாகவே போராடியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளியை இடித்துவிடுவார்கள் என்று பயந்தாரோ என்னவோ.

1915 நவம்பர் 14ஆம் நாள், 59 வயதில், டஸ்கீகீயிலேயே காலமானார். 30 பேரோடு ஆரம்பித்த பள்ளியில் அப்போது சுமார் 1500 மாணவர்கள், நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். இன்று அது ஒரு பல்கலைக்கழகம்.

நண்பர்களே, டிப்ளமாதானே என்று கேட்பவர்கள் நமக்கும் உண்டு. கையால் வேலை செய்வதில் கேவலம் இல்லை என்று வாஷிங்டனிடம் கற்றுக்கொண்டேன். கை வேலையோடு நின்றுவிடு என்று அடுத்தவன் சொன்னால் கேட்காதே என்று டு பாய்ஸிடம் கற்றுக்கொண்டேன். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். மேலே படிக்கவும் போகிறேன், அப்பாவிடம் சூளை அடுக்கவும் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

இப்போது யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்கிறேன். என் அப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறார். நீங்கள் உட்கார்ந்து இந்த மலரைப் படிக்கும் கட்டடத்தின் சுவரில் அவர் அறுத்த கல்லும் இருக்கலாம். கொஞ்சம் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த கல் என்றால் கணீரென்று சத்தம் கேட்கும்.

– இறுதியாண்டு சிவில் மாணவன்